முதல் க்ரூஸ், கூட அம்மாவும் வர்றாங்க: எந்தக் கேபின், எந்த மாசம்?

கரையோரன்:
வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு வருஷமா சத்தமில்லாம படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் வாய் திறக்கிறேன்.

முதல் தடவையா க்ரூஸ், அதாவது கப்பல்லயே தங்கி ஊர் ஊரா சுத்துற பயணம் போகலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். 7 இரவு. கிரேக்கத்துல ஏதென்ஸுக்குப் பக்கத்துல பைரேயஸ்ல ஏறி, மிக்கனோஸ், குசாதாசி, ரோட்ஸ், சாண்டோரினி பார்த்துட்டு மறுபடி பைரேயஸ்லயே இறங்குறது. நடுவுல முழுக்கக் கடல்லயே இருக்கிற நாளும் உண்டு. நாலு பேர்: நான், மனைவி, 9 வயசுப் பையன், அம்மா. அம்மாவுக்கு 71. முழங்கால் தேய்மானம். மெதுவா நடப்பாங்க, படி ஆகாது. அதைவிடப் பெரிய சிக்கல், அவங்களுக்கு வர இஷ்டமே இல்லை. "ஏழு நாள் தண்ணி மேல படுக்கச் சொல்றியா? நான் வீட்டைப் பார்த்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க"ங்கிறாங்க.

மனைவிக்குப் பால்கனி வேணும். பால்கனிக்குக் கொடுக்கிற காசு தண்டம்னு எனக்குத் தோணுது. ஜூலை கடைசியில போகலாம், இல்லேன்னா செப்டம்பர் கடைசியில போகலாம். எந்த மாசம், எந்தக் கேபின், முன்கூட்டியே எதையெல்லாம் முடிச்சு வைக்கணும்? திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிக் கொடுங்க.

மஞ்சள்குடை:
வாங்க தம்பி. இதுவரைக்கும் ஆறு கப்பல் ஏறியிருக்கேன், அதுல ரெண்டு என் மாமியாரோட. அதனால சொல்ல எனக்குத் தகுதி இருக்குன்னு நினைக்கிறேன்.

கேபின் வகையைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி கேபின் இருக்கிற இடத்தைப் பாருங்க. கம்பெனி தளத்துல ஒவ்வொரு டெக்குக்கும் வரைபடம் போட்டிருப்பாங்க. நீங்க எடுக்கப்போற கேபினுக்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்னன்னு பாருங்க. ரெண்டு பக்கமும் கேபினாவே இருந்தா நிம்மதி. என் முதல் பயணத்துல நீச்சல்குளத்துக்கு நேர் கீழே மாட்டிக்கிட்டேன். விடியக்காலை அஞ்சரைக்கு நாற்காலிகளை இழுத்து வரிசையா போட ஆரம்பிப்பாங்க. தரையில நாற்காலிக்கால் உரசுற சத்தம் எங்க தலைக்கு மேலே. ஏழு நாளும் அதான் எங்களுக்கு அலாரம்.

அம்மா முழங்காலுக்காக லிஃப்ட்டுக்குப் பக்கத்துல எடுங்க. ஆனா லிஃப்ட்டுக்கு எதிர்லயே வேண்டாம், நாலஞ்சு கதவு தள்ளி எடுங்க. கப்பல் நடைபாதையெல்லாம் தாம்புக்கயிறு மாதிரி நீளம். கப்பலோட ஒரு முனையில கேபின், மறுமுனையில சாப்பாட்டு ஹால்னா தினம் அரை கிலோமீட்டருக்கு மேல நடையா நடக்கணும். "கேரண்டி கேபின்"னு மலிவா ஒண்ணு விப்பாங்க. எந்த அறைன்னு அவங்க இஷ்டத்துக்குக் கடைசியில ஒதுக்குவாங்க. இளவட்டங்களுக்குச் சரி, உங்களுக்குச் சரிப்படாது.

இன்னொண்ணு: குளியலறை வாசல்ல ஒரு விளிம்பு தூக்கலா இருக்கும். ராத்திரி தூக்கக் கலக்கத்துல கால் இடறும். சக்கர நாற்காலி போற மாதிரி, விளிம்பில்லாத பெரிய குளியலறையோட கேபின்கள் கொஞ்சம் இருக்கும். உண்மையிலேயே தேவைப்படுறவங்களுக்குத்தான் தருவாங்க. எண்ணிக்கை ரொம்பக் குறைவு, சீக்கிரம் போயிடும். அம்மாவுக்குத் தேவையான்னு இப்பவே முடிவு பண்ணுங்க.

தூக்கப்பிரியன்:
பால்கனி தண்டம்ங்கிற கட்சியில என்னையும் சேர்த்துக்கோங்க. ஜன்னலே இல்லாத உள்பக்கக் கேபின்ல விளக்கை அணைச்சா அப்படியொரு இருட்டு, கண்ணுக்கு முன்னாடி கையை நீட்டினாத் தெரியாது. அங்கே தூங்கின தூக்கம் மாதிரி என் ஆயுசுல தூங்கினதில்லை. விடிஞ்சுதா இல்லையான்னு தெரியலைன்னு குறை சொல்றவங்களுக்கு ஒரு வழி இருக்கு. பெரும்பாலான கப்பல்கள்ல டிவியில ஒரு சேனல், கப்பல் முன்பக்கக் கேமரா காட்டுறதை அப்படியே போட்டுக்கிட்டே இருக்கும். சத்தத்தைக் குறைச்சு அதை ஓட விட்டுப் படுங்க. ராத்திரி முழுக்கக் கருப்புத் திரை, விடியும்போது தானா வெளுக்கும். காசில்லாத ஜன்னல்.

மஞ்சள்குடை:
தூக்கப்பிரியன், நீங்க கப்பலுக்குப் போறதே தூங்கத்தான். அவர் வீட்டுல அவங்க பால்கனி கேக்கிறாங்க, இவர் "தண்டம்"ன்னு சொல்லிட்டு ஏழு நாள் ஒரே அறையில இருந்தாகணும். அதையும் கணக்குல சேருங்க.

கரையோரன் தம்பி, குடும்பமா போறவங்க காலங்காலமா பண்ற ஒரு உபாயம்: ஒரு பால்கனி கேபின், நடைபாதைக்கு அந்தப் பக்கம் அதுக்கு நேர் எதிர்ல ஒரு உள்பக்கக் கேபின். ரெண்டு பால்கனி எடுக்கிறதைவிடச் செலவு குறையும், பகல்ல எல்லாரும் ஒரே பால்கனியில உக்காரலாம். யார் எங்கே தூங்குறதுங்கிறது உங்க வீட்டு விவகாரம்.

பழைய எஞ்சினியர்:
22 ஆண்டுகள் எஞ்சின் அறையில் கழித்தவன். பயணியாகப் போனது இரண்டே முறை. எனவே கேபின் அழகைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். இரு நுனிகள் ஏறி இறங்கும், நடு அப்படியே இருக்கும். கப்பலும் அப்படித்தான். முன்முனையிலும் பின்முனையிலும் ஆட்டம் அதிகம், நடுப்பகுதியில் குறைவு. அதேபோல் உயரம் கூடக்கூடப் பக்கவாட்டு ஆட்டம் பெரிதாகத் தெரியும். நடுப்பகுதி, கீழ்த்தளம் என்பதே வாந்திக்குப் பயப்படுகிறவர்களுக்கான இடம். விலை அதிகமான மேல்தள அறைகளே அதிகம் ஆடும் என்பது ஒரு வேடிக்கை.

இன்றைய பயணிகள் கப்பல்களில் நீருக்கடியில் இருபுறமும் மீன் துடுப்பு போன்ற நிலைநிறுத்திகள் உண்டு. பக்கவாட்டு ஆட்டத்தை அவை நன்றாகவே அடக்கும். முன்னும் பின்னுமாக முக்கி எழும் ஆட்டத்தை அடக்க அவற்றால் ஆகாது.

மாதம் பற்றி: நீங்கள் போகப்போகும் ஏஜியன் கடலில் கோடையில் வடக்கிலிருந்து மெல்டெமி என்றொரு காற்று அடிக்கும். ஜூலை, ஆகஸ்ட்தான் அதன் உச்சம். வானம் நீலமாக, மேகமே இல்லாமல் இருக்கும், காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு போகும். மிக்கனோஸ் அதற்குப் பேர்போன இடம். செப்டம்பர் கடைசியில் காற்று தணியத் தொடங்கும், வெயிலும் குறையும். உங்கள் தாயாருக்கு அதுவே நல்லது. ஆனால் கடலிடம் யாரும் எழுதி வாங்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
டிக்கெட் விலையைப் பார்த்து ஏமாறாதீங்க. அது நுழைவுக் கட்டணம்தான். அதுக்கு மேலே துறைமுக வரி, தலைக்கு இத்தனைன்னு தினப்படி சேவைக் கட்டணம் (ஊழியர்களுக்கான டிப்ஸ்), இணையம், சோடா முதல் எல்லாக் குடிவகையும், கரையில சுத்திப் பார்க்கிறது, புகைப்படம். தங்குறது, பொதுவான சாப்பாட்டு ஹால், பஃபே, நாடகம், நீச்சல்குளம் இதெல்லாம் டிக்கெட்டுல அடக்கம். "சிறப்பு உணவகம்"னு பேர் போட்டதுக்கெல்லாம் தனிக் காசு.

என் வழி: டிக்கெட் விலையோட பாதியைத் தனியா எடுத்து வைப்பேன். மிச்சம் வந்தா சந்தோஷம்.

மொத்தமா காசு கட்டிட்டு தினம் குடிச்சுக்கிற குடிவகைத் தொகுப்பை, பெரும்பாலும் ஒரே அறையில இருக்கிற பெரியவங்க எல்லாரும் வாங்கியாகணும்னு வெச்சிருப்பாங்க. அதைத் தினம் எத்தனை குடிச்சா முதல் வரும்னு வகுத்துப் பாருங்க. துறைமுக நாள்ல நீங்க கப்பல்லயே இருக்க மாட்டீங்க.

தூக்கப்பிரியன்:
அந்தச் சேவைக் கட்டணத்தை வரவேற்பு மேசையில சொன்னா எடுத்துடுவாங்கன்னு கேள்விப்பட்டேனே?

கணக்குப்பிள்ளை:
பல கம்பெனிகள்ல எடுப்பாங்க. நான் எடுக்கச் சொன்னதில்லை. ஒரு தடவை எங்க அறையைப் பார்த்துக்கிட்ட பையன்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். ஒன்பது மாச ஒப்பந்தம், வாரத்துல ஒரு நாள்கூட முழு லீவு கிடையாதாம். குழந்தை பிறந்ததை வீடியோவுலதான் பார்த்தானாம். சேவை மோசமா இருந்தாப் புகார் கொடுங்க. அந்தப் பையன் சம்பளத்துல பிடிச்சுச் சேமிக்கிற பொழைப்பு நமக்கு வேண்டாம்.

மருந்துச்சீட்டு:
செவிலியராக இருக்கிறேன், அந்தக் கண்ணோடுதான் சொல்வேன்.

கடல் மயக்கத்துக்கான மாத்திரை வாந்தி வருவதற்கு முன் போட்டால்தான் வேலை செய்யும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். மெக்லிசின் பரவலாகக் கிடைப்பது, கொஞ்சம் தூக்கம் வரும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் பட்டை மூன்று நாள் வரை தாங்கும். ஆனால் வயதானவர்களுக்கு அது குழப்பம், வாய் வறட்சி எல்லாம் தரலாம், கண் அழுத்தம் இருந்தால் கூடவே கூடாது. அம்மாவுக்கு எது என்பதை அவர் ஏற்கெனவே போடும் மருந்துகளின் பட்டியலோடு அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். இங்கே யாரும் சொல்லிப் போட வேண்டாம். குமட்டும்போது அறைக்குள் போய்ப் படுப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. வெளியே வந்து தொடுவானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கண்ணும் காதும் ஒரே சேதியைச் சொன்னால் மூளை அமைதியாகும்.

அடுத்து கை கழுவுவது. வாசலில் வைத்திருக்கும் கை ஜெல், வாந்தி பேதி தரும் நோரோவைரஸை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான். பஃபேயில் ஆயிரம் பேர் தொட்ட கரண்டியைத் தொட்டுவிட்டு அதே கையால் ரொட்டியைப் பிய்க்காதீர்கள். தட்டு எடுத்து வந்து வைத்துவிட்டு ஒரு தடவை கழுவிவிட்டு உட்காருங்கள்.

கப்பல் மருத்துவமனை இலவசம் இல்லை. ஊரில் இருக்கும் மருத்துவக் காப்பீடு கடலில் பல சமயம் செல்லாது. பயணக் காப்பீட்டில் அவசர வெளியேற்றமும் பழைய நோய்களும் அடக்கமா என்று வரி வரியாகப் படியுங்கள். அம்மாவின் மருந்துகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் வேண்டாம்.

தனிமரம்:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எங்களை மாதிரி ஒத்தையா போறவங்களுக்கு யாராவது வழி சொல்லுங்களேன். ரெண்டு பேர் அறையை ஒருத்தருக்குத் தந்து ரெண்டு பேர் காசு கேக்கிறாங்க.

மஞ்சள்குடை:
தனியாளுக்குன்னே சின்ன அறை கட்டின கப்பல்கள் இருக்கு. நார்வீஜியன் எபிக் 2010-லயே அப்படி 128 அறையோட வந்துச்சு, அதுக்கப்புறம் மத்தவங்களும் ஆரம்பிச்சாங்க. சீக்கிரம் தீர்ந்துடும். இன்னொரு வழி, பருவம் மாறும்போது கப்பலை ஒரு கடல்லேருந்து இன்னொரு கடலுக்குக் கொண்டு போற பயணங்கள். வசந்தத்துலயும் இலையுதிர்காலத்துலயும் அட்லாண்டிக்கைக் கடக்கும். விலை இறங்கும், ஆனா வரிசையா ஆறேழு நாள் கடல் மட்டும்தான். தனிமை பிடிச்சவங்களுக்கு விருந்து. தனி இழை போடுங்க, அங்கே பேசுவோம்.

கரையோரன்:
எல்லாருக்கும் நன்றி. செப்டம்பர் கடைசி முடிவாயிடுச்சு. எஞ்சினியர் சார் சொன்ன நடுப்பகுதி, மஞ்சள்குடை அக்கா சொன்ன எதிரெதிர் அறை. 7-வது டெக். மேலேயும் கீழேயும் கேபின்தான், மூணு தடவை பார்த்துட்டேன்.

அம்மா இன்னும் முழுசா ஒத்துக்கலை. டிவியில பழைய செய்தி எதையோ பார்த்துட்டு, கரையோரத்துல சாய்ஞ்சு கிடந்த கப்பலைக் காட்டி "இதுல தானே கூட்டிட்டுப் போற"ன்னு கேக்கிறாங்க. என்ன பதில் சொல்றது?

பழைய எஞ்சினியர்:
அது கோஸ்டா கான்கார்டியாவாக இருக்கும். 2012 ஜனவரி 13, இத்தாலியின் ஜிலியோ தீவு. கரைக்கு மிக நெருக்கமாகப் போய்ப் பாறையில் மோதியது. 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய பயணிகள் பலருக்கு அவசரகால ஒத்திகை அதுவரை நடக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அப்போதைய விதி இருந்தது. அதன் பிறகு விதி மாறியது. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும்.

அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடவே ஒரு வேலையும் கொடுங்கள்: ஏறியதும் உங்கள் கூடும் இடம் எது என்று கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் பார்த்து, அங்கே ஒரு முறை நடந்து போய் வரச் சொல்லுங்கள். ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி. அதுதான் அவசர அழைப்பு. பயப்படுகிறவர்களுக்கு வழி தெரிந்தால் பாதி பயம் போய்விடும், எஞ்சின் அறையில் புதுப் பையன்களிடம் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள்குடை:
இனி துறைமுகங்கள். உங்க பட்டியல்ல ரோட்ஸ்தான் சுலபம். கப்பல் பழைய நகர மதிலுக்குப் பக்கத்துலயே நிக்கும், இறங்கி நடந்தே உள்ளே போகலாம். டூர் வாங்காதீங்க.

குசாதாசியிலேருந்து எபேசஸ்ங்கிற பழங்கால இடிபாட்டு நகரத்துக்குப் போவாங்க, 20 கிலோமீட்டருக்குள்ளதான். பெரும்பாலும் மேல் வாசல்ல விட்டு, சரிவுல இறங்கிக் கீழ் வாசல்ல ஏத்திக்குவாங்க. அதனால ஏற்றம் இல்லை, ஆனா தேய்ஞ்ச பளிங்குக் கல்லு, வழுக்கும். அம்மாவுக்கு நல்ல பிடிப்புள்ள செருப்பு வேணும், கைத்தடியும். முடியாதுன்னா அன்னைக்கு அவங்க கப்பல்ல இருக்கட்டும். எல்லாரும் இறங்கினப்புறம் காலியா இருக்கிற கப்பல் ஒரு தனி சுகம்.

சாண்டோரினியிலதான் கவனம் வேணும். அங்கே கப்பல் கரை தொடாது, நடுவுல நிக்கும், சின்னப் படகுல கொண்டு போவாங்க. அதை டெண்டர்ம்பாங்க. பழைய துறைமுகத்துல இறக்கிவிட்டா மேலே ஃபிரா ஊருக்குப் போக மூணே வழி: ஏறக்குறைய 600 படி, கோவேறு கழுதை, கேபிள் கார். கேபிள் கார் வரிசை வெயில்ல ஒரு மணி நேரத்துக்கு மேல நின்ன கதையெல்லாம் உண்டு. அதனால அந்த ஒரு ஊருக்கு மட்டும் கப்பல் கம்பெனி டூரையே எடுங்க. டூர்க்காரங்களைப் பெரும்பாலும் அதினியோஸ் துறைமுகத்துல இறக்கி பஸ்ல மேலே கொண்டு போவாங்க. திரும்பும்போது கேபிள் கார்தான், அதுக்குச் சீக்கிரம் கிளம்பிடுங்க.

கணக்குப்பிள்ளை:
விசா ஒண்ணு விட்டுட்டீங்க. குசாதாசி துருக்கி. அங்கே போயிட்டு ரோட்ஸ்ல மறுபடி கிரேக்கத்துக்குள்ள வர்றீங்க. உங்க பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (கிரேக்கம் உட்பட ஐரோப்பாவுல பல நாடுகளுக்குப் பொதுவானது) வேணும்னா பலமுறை நுழையும் விசாவா பார்த்து வாங்கணும். ஒருமுறை விசாவோட வந்தவங்களைக் கப்பல் ஏறவே விட மாட்டாங்க, டிக்கெட் காசும் திரும்பாது. துருக்கிக்கு என்ன வேணும்னும் தனியா கேட்டுக்கோங்க. பாஸ்போர்ட் திரும்பி வர்ற தேதிக்கு அப்புறம் ஆறு மாசமாவது செல்லணும்.

விமானத்துல அன்னைக்குக் காலையில வந்து அன்னைக்கே கப்பல் ஏறுற திட்டம் இருந்தா இப்பவே மாத்துங்க. முந்தின நாளே ஏதென்ஸ் போய்ப் படுங்க. கப்பல் யாருக்காகவும் நிக்காது.

காற்றாடி:
நிக்காதுன்னு நான் சாட்சி சொல்றேன். ஒரு தீவுல நாங்களே வாடகைக் கார் எடுத்துச் சுத்தினோம். "எல்லாரும் கப்பலுக்கு வர வேண்டிய நேரம் 4.30"ன்னு போட்டிருந்தாங்க. என் கடிகாரத்துல 4.05. துறைமுகத்துக்கு வந்தா கப்பல் கயித்தை அவிழ்த்துக்கிட்டிருக்கு. கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒரு மணி வித்தியாசம். என் போன் சமர்த்தா ஊர் நேரத்துக்குத் தானா மாறியிருக்கு. மேல் டெக்ல வரிசையா நின்னு ஜனங்க எங்களுக்குக் கை தட்டினாங்க, அதை மட்டும் மறக்க மாட்டேன். பாஸ்போர்ட் எங்க கையில இருந்ததால தப்பிச்சோம். ராத்திரிப் படகு ஏறி அடுத்த தீவுல போய்ப் பிடிச்சோம்.

கம்பெனி டூர்ல போனா, தாமதமானா கப்பல் காத்திருக்கும், இல்லேன்னா அவங்க செலவுல கொண்டு சேர்ப்பாங்க. சொந்தமா போனா உங்க தலையெழுத்து. ஒரு சாதாரணக் கைக்கடிகாரம் வாங்கிக் கப்பல் நேரத்துக்கு வெச்சுக்கோங்க.

மஞ்சள்குடை:
மூட்டை கட்டுறதுக்கு ரெண்டு மூணு சேதி, அதோட நான் நிறுத்திக்கிறேன். துறைமுகத்துல பெட்டியை வாங்கிட்டுப் போவாங்க, சாயங்காலம்தான் கேபினுக்கு வரும். அதனால மருந்து, பாஸ்போர்ட், பையனோட நீச்சல் உடை எல்லாம் கைப்பையில. கேபின் சுவர் இரும்பு, அதனால கொக்கி வெச்ச காந்தம் நாலஞ்சு கொண்டு போங்க, தொப்பி, பை, ஈரத்துணி எல்லாத்துக்கும் ஆகும். நீட்டிப்பு ஒயர், இஸ்திரிப்பெட்டி கொண்டு போகாதீங்க, தீ பயத்துல பறிமுதல் பண்ணுவாங்க. கப்பல் கிளம்பினதும் போனை விமானப் பயன்முறைக்கு மாத்துங்க. இல்லேன்னா அது தானா கப்பலோட செயற்கைக்கோள் வலைக்குப் போய் ஒட்டிக்கும், பில் வரும்போது மயக்கம் வரும், அதுக்கு மாத்திரை கிடையாது.

கரையோரன்:
(ஆறு வாரம் கழிச்சு)
வந்துட்டோம். நிறைய பேர் தனிச்செய்தியில கேட்டீங்க, மொத்தமா இங்கேயே எழுதிடறேன்.

முதல்ல தப்பு நடந்ததைச் சொல்லிடறேன். மிக்கனோஸ் போகலை. ரெண்டாம் நாள் காலையில கேப்டன் ஒலிபெருக்கியில, காத்து அளவுக்கு மேல இருக்கு, படகு விட முடியாதுன்னு சொல்லிட்டார். செப்டம்பர்லயும் மெல்டெமி எட்டிப் பார்த்துட்டுப் போச்சு, எஞ்சினியர் சார். அந்தத் துறைமுக வரியை எங்க கப்பல் கணக்குல திருப்பிப் போட்டாங்க, அவ்வளவுதான். டிக்கெட் காசுல ஒண்ணும் குறையலை. ஒப்பந்தத்துலயே துறைமுகம் மாறலாம்னு போட்டிருக்கு, நான்தான் படிக்கலை. மனைவிக்கு அன்னைக்கு முழுக்க முகம் சரியில்லை, அந்த ஊர் படத்தைப் பார்த்துத்தான் அவங்க இந்தக் கப்பலையே தேர்ந்தெடுத்தாங்க.

அன்னைக்கு நல்லாவே ஆடுச்சு. குமட்டினது எனக்கு. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை. மருத்துவர் சொன்ன மாத்திரையை ராத்திரியே போட்டுட்டாங்க, நான் வீரம் பேசிட்டுப் போடலை. தொடுவானத்தைப் பார்த்துக்கிட்டு ரெண்டு மணி நேரம் டெக்ல நின்னேன், பக்கத்துல அம்மா நாற்காலியில உக்காந்து வேர்க்கடலை கொறிச்சுக்கிட்டு "வீட்டைப் பார்த்துக்கிறேன்னு சொன்னேனே"ன்னாங்க.

பால்கனி விஷயத்துல தோத்துட்டேன், ஒத்துக்கிறேன். சாண்டோரினியை விட்டுக் கிளம்புற சாயங்காலம், மேலே டெக்ல கூட்டம் நெரிசல், நாங்க செருப்பில்லாம காலை நீட்டி உக்காந்திருந்தோம். பாறைமேல வெள்ளை வீடுகள்ல ஒவ்வொரு விளக்கா ஏறுச்சு. யாரும் பேசலை. தண்டம்ங்கிற வார்த்தையை வாபஸ் வாங்கிக்கிறேன்.

திட்டம் விஷயத்துல நான் பண்ணின கூத்து: மணிக்கு மணி ஒரு அட்டவணை போட்டுக் கொண்டு போயிருந்தேன். 10 மணி பாறையேறுதல், 11 வினாடி வினா, 12 துண்டு மடிக்கிற வகுப்பு. மூணாம் நாள் பையன் அதுல கப்பல் படம் வரைஞ்சு வெச்சிருந்தான். சாண்டோரினி டூரும் எபேசஸும் மட்டும்தான் முன்பதிவு பண்ண வேண்டியதா இருந்துச்சு. மத்ததெல்லாம் சும்மா போனப்ப தானா நடந்துச்சு.

கடைசி ராத்திரிக் கதை. நடுராத்திரிக்கு முன்னாடி பெட்டியைக் கதவுக்கு வெளியே வைக்கணும், அவங்க எடுத்துட்டுப் போவாங்க. மனைவி ரொம்ப ஒழுங்கு, எல்லாத்தையும் மடிச்சு அடுக்கிப் பத்து மணிக்கே வெளியே வெச்சுட்டாங்க. காலையில எழுந்தா எனக்குப் போட்டுக்கக் கால்சட்டை இல்லை. என் பைஜாமாவோட, மேலே கோட்டு போட்டுக்கிட்டு இறங்கினேன். குடியேற்ற அதிகாரி மேலேருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார், ஒண்ணும் கேக்கலை. அவருக்கு இது பழக்கம் போல.

மருந்துச்சீட்டு:
சிரித்து முடியவில்லை. அம்மாவின் முழங்கால் எப்படித் தாங்கியது? டெண்டரில் ஏறி இறங்கியது?

கரையோரன்:
அந்த டெண்டர்லதான் பயந்துக்கிட்டிருந்தேன். கப்பல் கதவுக்கும் படகுக்கும் நடுவுல ஒரு அடி இடைவெளி, அது ஏறி இறங்கிக்கிட்டே இருக்கு. ரெண்டு மாலுமிங்க ரெண்டு பக்கம் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவசரப்படுத்தலை. படகு மேலே வர்ற வரைக்கும் காத்திருந்து, சரியா மட்டமாகிற நொடியில "இப்ப"ன்னாங்க, அம்மா கால் வெச்சுட்டாங்க. எபேசஸுக்கு வரலை. அன்னைக்குத் தனியா கப்பல்ல இருந்தாங்க, சாயங்காலம் நாங்க வந்தப்ப அம்மாவுக்கு நாலு புதுத் தோழிங்க, ஒருத்தர் மொழியும் இன்னொருத்தருக்குத் தெரியாது.

ஆனா அம்மாவுக்கு உண்மையிலேயே பிடிச்சுப் போனது வேற. தினம் விடியக்காலையில எழுந்து டெக்குக்குப் போயிடுவாங்க. துறைமுகம் நெருங்கும்போது ஒரு சின்னப் படகு வேகமா வந்து நம்ம கப்பலை ஒட்டிக்கிட்டே ஓடும். கப்பல் பக்கவாட்டுல, தண்ணிக்குக் கொஞ்சம் மேலே ஒரு கதவு திறக்கும், கயித்து ஏணி தொங்கும். அந்தப் படகுலேருந்து ஒரு ஆள் தாவி ஏணியைப் பிடிச்சு உள்ளே போயிடுவார். "இந்தக் காத்துல, இந்த வயசுல அந்த மனுஷன் தாவுறாரு பாரு"ன்னு அம்மா என்னை எழுப்பிக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. ரோட்ஸ்ல வந்தவர் நரைச்ச தலை. நாலாவது நாள்லேருந்து, எந்தப் பக்கம் வருவார்னு முன்னாடியே சொல்ல ஆரம்பிச்சாங்க. நானும் பையனும் இந்தப் பக்கம் நிப்போம், அம்மா அந்தப் பக்கம் போய் நிப்பாங்க, படகு அந்தப் பக்கம்தான் வரும்.

பழைய எஞ்சினியர்:
அவர் பைலட். உள்ளூர்க் கடலை அறிந்தவர், கேப்டனுக்கு வழிகாட்ட ஏறுவார். இருட்டில் வந்தால் அந்தப் படகின் உச்சியில் மேலே வெள்ளை விளக்கும் கீழே சிவப்பு விளக்கும் இருக்கும், அம்மா கவனித்திருப்பார்.

எந்தப் பக்கம் என்பதை அம்மா எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

கரையோரன்:
கேட்டேன் சார். விளக்கு சரிதானாம். "வெள்ளை மேல, சிவப்பு கீழ, இதுகூடவா தெரியாது"ங்கிறாங்க. பக்கம் எப்படின்னா, "சேலைத் தலைப்பு பறக்காத பக்கம்தான் வருவான், இந்தப் பக்கம் வந்தா அவன் எப்படிடா ஏறுவான்"னாங்க.

பழைய எஞ்சினியர்:
சரிதான். காற்று மறைவுப் பக்கத்தில்தான் ஏணியை இறக்குவோம், அதற்காகக் கப்பலையே கொஞ்சம் திருப்புவதும் உண்டு. பயிற்சிக்கு வருகிற பையன்களுக்கு இதை நான் இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்து எந்தக் கப்பல் என்று அம்மாவிடம் கேட்டீர்களா?

கரையோரன்:
நான் கேக்கலை சார். நேத்து அவங்களே பையன்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தாங்க, அலாஸ்கா எந்தப் பக்கம் இருக்குன்னு.